மானிங்ரிடாவிலிருந்து காலிவின்குவுக்கு ஐந்து செபமாலை

சவிரிமுத்து இறந்த செய்தியை நான் வாசித்து அறிந்தேன். எழுபத்துநான்கு வயதுவரை எனக்கு எல்லாச் சாவுச் செய்திகளும் காதால்தான் வந்தன. யாராவது வாசலில் நின்று சொல்வார்கள், அல்லது தொலைபேசியில் அழுவார்கள். இந்த முறை செலின் ரீச்சர் என் கைத்தொலைபேசிக்கு எழுதி அனுப்பியிருந்தார்.

செலின் ரீச்சர் சவிரிமுத்துவின் மனைவி. எனக்குத் தமிழ் எழுத்துப் படிப்பித்தவர். ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு வசனம் அனுப்புவார். நான் அதை வாசித்து, பதிலுக்கு ஒரு வசனம் எழுதவேண்டும். அந்தச் செய்திக்கு முந்தின வாரம் அனுப்பியது: 'இன்று மழை வரும், உடுப்பை வெளியில் காயவிட வேண்டாம்.' அன்று வந்ததையும் அப்படியொரு பாடம் என்றே நினைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணியோடு வசதியாகக் கதிரையில் இருந்தேன். 'சவிரிமுத்து' என்ற சொல்லை உடனே வாசித்துவிட்டேன். அடுத்த சொல்லை நான் எழுத்தில் கண்டதில்லை. கா, ல, மா என்று விரலை வைத்துக்கொண்டு போனேன். பிறகு னா, ர். எல்லாவற்றையும் சேர்த்து வாயால் சொன்ன பிறகுதான் அது என்ன சொல் என்று விளங்கியது. பதில் வசனம் எழுத எனக்கு வரவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நடந்து போனேன்.

முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் இந்த நினைவு மலரில் அவனைப் பற்றி யார் எழுதுவது என்று தேவாலய மண்டபத்தில் பேச்சு வந்தபோது, படித்த மூன்று பேரின் பெயரைச் சொன்னார்கள். நான் கையை உயர்த்தினேன். வகுப்பில் பிள்ளைகள் கையை உயர்த்துவதை வெளியில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு அது முதல் தடவை. சிலர் சிரித்ததை நான் பிழையாக எடுக்கவில்லை. இன்றோடு ஒன்பது நாட்களாகப் பென்சிலால் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் ஓடினால் அது நல்ல நாள். சாவைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லலாமோ தெரியாது, ஆனால் எழுதுவது இவ்வளவு சந்தோசமான வேலை என்று இவ்வளவு காலமும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு சொல் முடிந்ததும் அதைத் திரும்பிப் பார்க்கிறேன். அது அங்கேயே நிற்கிறது.

நான் சவிரிமுத்துவின் மேல் பொறாமை பிடித்தவன். மெல்பேர்ண் கிளேட்டனில் எங்களை அறிந்தவர்களுக்கு அது புதுச் செய்தி அல்ல. அந்தப் பொறாமையால் நான் அவனுக்குச் செய்த ஒன்றை மட்டும் நீங்கள் பிழையாக அறிந்திருக்கிறீர்கள். அதைத் திருத்துவதற்காகவே கையை உயர்த்தினேன்.

நாங்கள் இருவரும் மன்னாரில் ஒரே கரையைச் சேர்ந்தவர்கள். நான் எட்டு வயதில் தகப்பனோடு மீன்பிடிக்கப் படகில் ஏறினேன். அவன் ஐந்தாம் வகுப்புவரை படித்துவிட்டு ஐஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். மெல்பேர்ணுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் வந்தோம். நான் காளான் வளர்க்கும் கொட்டகையில் பதினாறு வருடம் வேலை செய்தேன். காளானுக்கு வெளிச்சம் தேவையில்லை. அதனால் எனக்கும் கிடைக்கவில்லை. சவிரிமுத்து குளிரறை திருத்துகிறவனாகி, இந்த நாட்டின் வடக்கு முனைக்குப் போனான். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. ஒன்பது வருடம்.

அங்கே கடலோரமாகப் பூர்வகுடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. மானிங்ரிடா ஒன்று, காலிவின்கு இன்னொன்று. மழைக்காலத்தில் தரைப்பாதை தண்ணீருக்குள் போய்விடும். காலிவின்கு தீவில் இருக்கிறது, அதற்கு எந்தக் காலத்திலும் பாதை இல்லை. சின்ன விமானத்தில்தான் போகவேண்டும். ஊர்க் கடையின் குளிரறை பழுதானால் முழு ஊருக்கும் இறைச்சியும் பாலும் கெட்டுவிடும். ஆகவே ஒரு ஊரில் வேலை முடிந்ததும் சவிரிமுத்துவை அடுத்த ஊருக்கு ஏற்றிக்கொண்டு போக விமானம் காத்து நிற்கும். விமானம் சவிரிமுத்துவுக்காகக் காத்து நிற்கும் என்பதை நான் எத்தனையோ நாள் காளான் பெட்டிகளுக்கு நடுவில் நின்று நினைத்திருக்கிறேன். என்னை ஏற்றுகிற பஸ் நான் கை காட்டினாலும் சில நாள் நிற்பதில்லை.

மாதத்துக்கு ஒரு முறை தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேத்தண்ணியும் பற்றீசும் வைப்பார்கள். சவிரிமுத்து வடக்கிலிருந்து வந்திருந்தால் அவனுடைய கதிரையைச் சுற்றி ஒரு வட்டம் கூடிவிடும்.

"ஏத்த முன்னம் எங்களைத் தராசில ஏத்துவினம். பையோட, சப்பாத்தோட. எத்தினை கிலோ எண்டு பாத்துத்தான் எந்தச் சீற் எண்டு சொல்லுவினம்."

"மீன் மாதிரியோ? என்ன விலைக்கு ஏலம் கூறினவங்கள் உன்னை?" என்று நான் வட்டத்துக்கு வெளியிலிருந்து கேட்பேன்.

"அந்தோனி, உன்னைக் கூறியிருந்தால் கருவாட்டு விலைதான்," என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எரிந்துகொண்டு சிரிப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று.

இறங்குகிற ஓடுபாதையில் நாய்கள் படுத்திருக்கும், விமானம் ஒருமுறை தாழப் பறந்து அவற்றைக் கலைத்துவிட்டுச் சுற்றிவந்து இறங்கும் என்பான். மேலிருந்து பார்த்தால் ஆறுகள் பாம்பு சுருண்டதுபோல இருக்கும் என்பான். யாராவது ஒருவர் கேட்பார்: "ரெண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம் அண்ணை?"

"அஞ்சு செபமாலை," என்பான் சவிரிமுத்து.

எங்கள் படகில் தூரத்தை அப்படித்தான் சொல்வோம். ஐம்பத்து மூன்று மணியையும் அவசரப்படாமல் ஆறுதலாக உருட்டி முடித்தால் ஏறக்குறைய இருபது நிமிடம். இந்த இடம் இரண்டு செபமாலை, மீன் படும் அந்தப் பார் மூன்று செபமாலை என்போம். ஐந்து செபமாலை என்றால் எங்களுக்கு அது பெரிய ஓட்டம். அதை அவன் பறந்து போயிருக்கிறான். கடலில் ஐந்து செபமாலை போன எனக்கு ஒரு வட்டமும் கூடவில்லை.

அவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் நான் செலின் ரீச்சரிடம் எழுத்துப் படிக்கப் போனேன். பூசையில் வாசகம் வாசிக்க அவனைக் கூப்பிடுகிறார்கள், என்னைக் கூப்பிடுவதில்லை என்பதுதான் காரணம். ரீச்சரிடம் அப்படிச் சொல்லவில்லை. பேத்திக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதவேண்டும் என்று சொன்னேன். வாரத்தில் மூன்று நாள் அவர்கள் குசினி மேசையில் வகுப்பு. எனக்குக் கொப்பி வாங்கி வந்தவன் சவிரிமுத்து. பென்சில் சீவித் தந்தவனும் அவன்தான். நான் 'ழ'வை வளைக்கத் தெரியாமல் தாளைக் கிழித்த நாளில், அடுப்படியில் நின்றுகொண்டே சொன்னான்:

"எழுத்து ஐஸ் இல்லையடா, உருகிப்போகாது. ஆறுதலா எழுது."

இப்போதும் ஒவ்வொரு பக்கத்தையும் தொடங்கும்போது அதைச் சொல்லிக்கொள்கிறேன். அப்போது எனக்கு அது இளக்காரமாகப் பட்டது.

அந்தக் குசினிச் சுவரில் வடக்குப் பகுதியின் பெரிய வரைபடம் ஒன்று தொங்கியது. அவன் அங்கே இருக்கிற நாட்களில் எந்த ஊரில் நிற்கிறான் என்று ரீச்சர் பார்ப்பதற்காக மாட்டியது. ஆங்கிலப் பெயர்களுக்குப் பக்கத்தில் அவன் ஒட்டு நாடாவில் தமிழில் எழுதி ஒட்டியிருந்தான். ஒரு நாள் ரீச்சர் அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது நான் சும்மா நிமிர்ந்து பார்த்தேன். மா, னி, ங், ரி, டா. யாரும் படிப்பிக்காத ஒரு சொல்லை நான் முதன்முதலாக வாசித்தது அதுதான். கொப்பிக்கு வெளியில், சுவரில், சவிரிமுத்துவின் கையெழுத்தில். அதற்கு வலப்பக்கத்தில் காலிவின்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

ஐந்து செபமாலை ஒரு சாணுக்குள் எப்படி அடங்கியது என்று அந்த இடத்திலேயே எனக்குள் ஒன்று எழும்பி நின்றது. அதற்குப் பெயர் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

"ரீச்சர், இந்த மாப்பை ஒரு கிழமைக்குத் தாங்கோ. வாசிச்சுப் பழகப் போறன்."

"கொண்டு போங்கோ அண்ணை," என்று அவரே கழற்றிச் சுருட்டி, இரண்டு பக்கமும் றப்பர் பாண்ட் போட்டுத் தந்தார்.

வீட்டில் அதை விரித்து, வலை பின்னுகிற நைலோன் நூலை இரண்டு ஊருக்கும் நடுவில் பிடித்து வெட்டினேன். வரைபடத்தின் மூலையில் இருக்கும் அளவுகோலில் நூலை வைத்துப் பார்த்தேன். இலக்கம் எனக்கு முன்பே தெரியும், மீன் விற்றவனுக்கு அது தெரியாமல் இராது. நூற்று நாற்பத்தைந்து கிலோமீற்றர், ஒன்றிரண்டு முன்பின். நம்பாமல் இன்னும் இரண்டு நூல் வெட்டினேன். அதேதான் வந்தது. அன்று நான் சாப்பிட்டதுபோல அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை.

அடுத்த தமிழ்ப் பூசையன்று வரைபடத்தை மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். சவிரிமுத்து நாய்க் கதையை முடிக்கிற நேரம் பார்த்து, மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்தேன்.

"சவிரிமுத்து, இதில எது மானிங்ரிடா?" என்று கேட்டு, அவன் காட்ட முன்னரே நானே வாசித்தேன். "இது காலிவின்கு. நூல் இந்தா. நூற்றி நாற்பத்தஞ்சு கிலோமீற்றர். உன்ர பிளேன் இதுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"முக்கால் மணித்தியாலம். சில நாள் கொஞ்சம் கூட."

"முக்கால் மணித்தியாலத்துக்கு எத்தினை செபமாலை?"

பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள், "ரெண்டு. மிஞ்சினால் ரெண்டேகால்."

"அப்ப அஞ்சு எங்கயிருந்து வந்தது?"

சவிரிமுத்து வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தன் கையால் எழுதி ஒட்டிய சொற்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பிடிச்சிட்டியேடா அந்தோனி. நான் புளுகன்தான்."

மண்டபமே சிரித்தது. 'எழுத்துப் படிச்சதும் அண்ணை வக்கீலாகிட்டார்' என்று என் முதுகில் தட்டினார்கள். அன்று முதல் யாராவது எதையாவது கூட்டிச் சொன்னால் 'இது அஞ்சு செபமாலைக் கதை' என்பது எங்கள் வழக்கமாகிப் போனது. சவிரிமுத்து அதற்குப் பிறகு வடக்கைப் பற்றிப் பேசவில்லை. வட்டம் என் கதிரைக்கு வந்தது. வரைபடத்தை நான் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவனே வாங்கி அதே ஆணியில் மாட்டிவிட்டு, "பென்சில் மொட்டையாப் போச்சு, தா, சீவித் தாறன்," என்றான்.

அடுத்த வருடம் சிட்னி ஹோம்புஷில் ஊர்க்காரர் ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். நானும் அவனும் ரீச்சரும் ஒன்றாகப் பறந்தோம். எனக்கு யன்னல் சீற் வேண்டும் என்று கேட்டேன், கொடுத்தான். ஓய்வு பெற்ற பிறகு அவன் விமானத்தில் ஏறியது அதுதான் முதல். விமானம் ஓடத் தொடங்கியதும் அவனுக்கு யன்னலில் தெரிந்த கட்டடங்களைக் காட்டலாம் என்று திரும்பினேன். அவன் கண் மூடியிருந்தது. உதடு அசைந்தது. வலது கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது. துணிக்கு மேலால் பெருவிரல் ஓடுவது தெரிந்தது. தையல் மெசின் ஊசிபோல ஓடியது.

ரீச்சர் மறுபக்கத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், பேசவேண்டாம் என்று. நான் அவன் முடிக்கும் செபமாலைகளை எண்ணினேன். எங்கள் பழக்கத்தில் ஒரு செபமாலை முடிந்தால் சிலுவையை வாயில் ஒற்றுவோம். அவன் ஒவ்வொரு முறையும் கையை வெளியில் எடுத்து ஒற்றிவிட்டு மறுபடி பைக்குள் விட்டான். முகிலையும் பார்க்கவில்லை, கொண்டுவந்து கொடுத்த தண்ணீரையும் குடிக்கவில்லை. நானும் என் செபமாலையை எடுத்து என் வேகத்தில் உருட்டிப் பார்த்தேன். விமானத்தின் சில்லு தரையில் முட்டியபோது நான் மூன்றை முடித்திருந்தேன். அவன் எட்டு.

பெட்டிக்காகக் காத்து நின்றபோது கேட்டேன்.

"எப்பவும் இப்பிடியோ?"

"எப்பவும்தான்."

"ஒன்பது வருசமுமோ?"

"ஏறின ஒவ்வொரு முறையும். சாமான் பெட்டியை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருப்பன். மானிங்ரிடாவில ஏறினால் காலிவின்குவில இறங்க முன்னம் அஞ்சு முடிஞ்சிடும். ஒரு நாள் பக்கத்துச் சீற்றில அந்த ஊர்க் கிழவி ஒருத்தி. செத்த வீட்டுக்குப் போறா. என்ர வாயைப் பாத்தா. ஒண்டும் கேக்கேல்லை. கையை என்ர முழங்காலில வச்சவ, இறங்கும்வரைக்கும் எடுக்கேல்லை. அண்டைக்கு மட்டும் நாலு."

"அப்ப அண்டைக்கு மண்டபத்தில சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு? பயந்து செத்துக்கொண்டு போனனான் எண்டோ? புளுகன் எண்டால் சனம் சிரிக்கும், மச்சான். பயந்தவன் எண்டால் பாவம் பாக்கும். எனக்குச் சிரிப்பே போதும்."

"பிறகேன் போனனீ? விட்டிட்டு வந்திருக்கலாமே."

"அங்க குழந்தையளுக்குப் பால் பழுதாப் போகுமெல்லோ," என்றான், நான் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டவன்போல. பெட்டி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சொன்னான்: "செலினுக்குத் தெரியும். இப்ப உனக்கும் தெரியும். அதோட நிக்கட்டும்."

சரி என்று உடனே சொன்னேன். அவன் என்னை நல்ல நண்பன் என்று நினைத்திருப்பான். உண்மையை இங்கே எழுதுகிறேன். எனக்கு அது வசதியாக இருந்தது. அவன் வாய் திறக்காதவரை என் நூலும் என் நூற்று நாற்பத்தைந்தும் வென்றபடியே இருக்கும். இரண்டு வருடம் அந்த வெற்றியோடு மண்டபத்தில் இருந்து பற்றீஸ் தின்றேன். இரண்டு வருடமும் அவன் 'அஞ்சு செபமாலை'யைக் கேட்டுச் சிரித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கிழவி அவனுடைய முழங்காலில் கையை வைத்தாள். சிட்னி விமானத்தில் அவனுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். என் கை சும்மா எண்ணிக்கொண்டிருந்தது. பெயர் தெரியாத அந்தப் பெண்ணின்மேலும் எனக்குப் பொறாமைதான்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில், பெட்டியை இறக்கிய பிறகு, அன்பாகத்தான் ஒருவர் சொன்னார், "அஞ்சு செபமாலைக்காரன் போயிட்டார்." பக்கத்தில் நின்றவர்கள் கண்ணீரோடு சிரித்தார்கள். பெயர் குழிவரைக்கும் கூடவே வந்துவிட்டது. அதைக் கொடுத்தவன் நான்.

அடுத்த வாரம் ரீச்சரிடம் போய்க் கேட்டேன்.

"ரீச்சர், அந்தக் கதையை மலரில எழுதட்டோ? சொல்லாதை எண்டு சொன்னவன்."

அவர் கோப்பைகளைத் துடைத்து அடுக்கி முடித்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணை, மண்டபத்தில நீங்கள் அப்பிடிச் செய்த அண்டைக்கு வீட்டை வந்தவர் என்ன சொன்னவர் தெரியுமோ? 'செலின், அவன் என்ர எழுத்தை எழுத்துக்கூட்டாமல் வாசிச்சவன்' எண்டு. சந்தோசத்தில சொன்னவர். எனக்குத்தான் உங்களில கோவம்." கோப்பை அலுமாரியைச் சாத்தினார். "எழுதுங்கோ. இனி அவர் என்னத்துக்குப் பயப்பிடப் போறார். எழுத்துப் பிழை இருந்தால் நான் திருத்தித் தாறன்."

அவர் திருத்தித் தந்த பிரதியைத்தான் நீங்கள் வாசிக்கிறீர்கள். இருபத்தேழு பிழை. கதையில் ஒன்றையும் தொடவில்லை.

ஆகவே அவனைத் தெரிந்த எல்லோரும் இதை அறிந்துகொள்ளுங்கள். மானிங்ரிடாவிலிருந்து காலிவின்குவுக்கு நேர்கோட்டில் நூற்று நாற்பத்தைந்து கிலோமீற்றர். என் நூல் பிழையில்லை. சவிரிமுத்துவுக்கு அது ஐந்து செபமாலை. அவன் புளுகவில்லை, ஒரு மணியும் கூட்டிச் சொல்லவில்லை. ஒன்பது வருடம் நடுங்கி நடுங்கி ஏறிப் போய், மற்றவர்களுடைய பாலைக் குளிராக வைத்துவிட்டு வந்தான். நான் ஆசைப்பட்டது அந்த விமானத்துக்கு. அதில் ஏறியிருந்தால் நான் ஆறுகளைப் பார்த்துக்கொண்டு சுகமாகப் போயிருப்பேன். இரண்டு செபமாலையோடு இறங்கியிருப்பேன். சொல்வதற்கு என்னிடம் ஒரு கதையும் இருந்திருக்காது.

அவனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒட்டு நாடாவில் ஒன்று. ரீச்சர் நகத்தால் கிளப்பித் தந்தார். 'மானிங்ரிடா' இப்போது என் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. 'காலிவின்கு' அவர்கள் குசினிச் சுவரில் இருக்கிறது. என் வீட்டிலிருந்து அங்கே நடந்து போக இருபது நிமிடம், என் கணக்கில் ஒரு செபமாலை. நேற்று இந்தத் தாள்களைக் கொடுக்கப் போகும்போது அவனுடைய வேகத்தில் உருட்டிப் பார்த்தேன். நாக்குப் பிரண்டது, இரண்டு முறை மணி தவறியது. படலைக்குப் போனபோது இரண்டாவதில் இன்னும் பதினேழு மணி மிச்சம் இருந்தது. அவன் முடித்திருப்பான்.